மலைநகரில் மழைநீர் வடிகால் ஒப்பந்தம்: நீலகிரியில் டெண்டர் எடுப்பது முதல் பில் வாங்குவது வரை

சமவெளியில் வடிகால் கட்டிப் பழகிய ஒப்பந்ததாரர்கள் மலையேறி வந்து, முதல் வேலையிலேயே கையைச் சுட்டுக்கொள்வது நீலகிரியில் அடிக்கடி நடக்கிறது. கான்கிரீட் அதே கான்கிரீட்தான், கம்பியும் அதே கம்பிதான். ஆனால் ஜல்லியை லாரி நிற்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது, தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது, வடிகாலின் கடைசி முனையில் தண்ணீரை எப்படி இறக்கிவிடுவது ஆகிய மூன்றுக்கும் மதிப்பீட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. லாபமும் நட்டமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. இந்த வழிகாட்டி நீலகிரியை வைத்து எழுதப்பட்டது. நிலைமை ஒத்துப்போகும் இடங்களில் கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: அந்த வடிகால் யாருடையது?

ஒரே தெருவில் மூன்று துறைகளின் வடிகால் ஓடுவது மலைநகரத்தில் சாதாரணம். உதகமண்டலம், குன்னூர், கூடலூர், நெல்லியாளம் ஆகியவற்றில் உள்தெரு வடிகால்கள் நகராட்சிக்கு உரியவை. கேத்தி, ஜெகதளா, அதிகரட்டி, சோலூர், நடுவட்டம் போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலரின் பெயரில் டெண்டர் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 181-ன் ஓர வடிகாலும் சிறுபாலமும் நெடுஞ்சாலைப் பிரிவைச் சேர்ந்தவை. வெலிங்டன் கன்டோன்மென்ட் பகுதி பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்த கன்டோன்மென்ட் வாரியத்தின் கீழ் வருகிறது. அதன் டெண்டர் முறையே வேறு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை போட்டால் வேலை பாதியில் நிற்கும். நகராட்சி வடிகாலின் தண்ணீர் நெடுஞ்சாலைச் சிறுபாலம் வழியாகத்தான் வெளியேற முடியும் என்றால், அந்தப் பாலத்தைத் தொட அந்தத் துறையின் அனுமதி வேண்டும். மலை ரயில் பாதையைக் கடந்தால் சேலம் ரயில்வே கோட்டத்தின் அனுமதி தேவை. 2005 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பாதை என்பதால் ஒரு கல்லைப் பெயர்க்கவும் காகிதம் கேட்பார்கள். காட்டு நிலத்தில் கடைமுனை விழுந்தால் வனத்துறையிடம் போக வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969-ம் ஆண்டு ஜென்மம் நிலச் சட்டத்தின் 17-வது பிரிவில் தீர்வு காணப்படாமல் கிடக்கும் நிலங்கள் ஏராளம். அங்கே தடம் போகிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி முன்பே கேட்டுவிடுங்கள்.

அனுமதி வாங்குவது துறையின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், காத்திருக்கும் நாட்களின் செலவு உங்களுடையது. ஆகவே டெண்டருக்கு முந்தைய கேள்வியாக இதை எழுத்தில் கேளுங்கள்: "தடத்தில் பிற துறை நிலம் உண்டா, அனுமதி கிடைத்துவிட்டதா?" பதிலும் எழுத்தில் வர வேண்டும். பின்னால் கால நீட்டிப்புக் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: பதிவும் காகிதமும்

ஒப்பந்ததாரர் வகுப்புப் பதிவு இல்லாமல் நகராட்சிப் பணிக்குள் நுழைய முடியாது. எந்த வகுப்புக்கு எவ்வளவு மதிப்பு வரை என்பது அவ்வப்போது மாற்றப்படுவதால் நடப்பு ஆணையை மண்டலப் பொறியாளர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பான், ஜிஎஸ்டி பதிவு, சொத்து மதிப்புச் சான்று, பட்டயக் கணக்காளர் தந்த விற்றுமுதல் சான்று, வருமான வரிக் கணக்கு, செயற்பொறியாளர் நிலையில் ஒப்பமிட்ட அனுபவச் சான்று, இயந்திரப் பட்டியல் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். கணக்காளர் சான்றில் அதற்கான தனி அடையாள எண் இல்லையென்றால் விலையைத் திறப்பதற்கு முன் ஆவணங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உறையிலேயே விழுந்துவிடும்.

அனுபவச் சான்றில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஒத்த பணி' என்று ஆவணம் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். 'கான்கிரீட் வடிகால்' என்று கேட்டிருந்தால், சாலைப் பணியோடு சேர்ந்து செய்த வடிகாலுக்கு அளவும் மதிப்பும் தனியாகக் குறிப்பிட்ட சான்று வேண்டும். சான்று வாங்கும்போதே வடிகாலின் நீளம், அகலம், கான்கிரீட் கன அளவு மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் அந்த அதிகாரி மாறியிருப்பார்.

சற்றுப் பெரிய பணிகளில் ஏலத்திறன் கணக்கும் வரும். கடந்த ஆண்டுகளில் உங்கள் உச்ச விற்றுமுதல், பணி முடிக்கும் காலம், ஆவணம் தரும் பெருக்கெண் மூன்றையும் பெருக்கி, கையில் இருக்கும் வேலைகளின் மீதி மதிப்பைக் கழிப்பார்கள். முடிந்த வேலைக்கு இறுதி பில் போடாமல் வைத்திருந்தால் அது 'கையில் இருக்கும் வேலை'யாகவே கணக்கில் நின்று உங்கள் திறனைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: டெண்டர் எங்கே, எப்போது வரும்

தமிழ்நாடு அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் நகராட்சி நிர்வாகம், பேரூராட்சிகள், நெடுஞ்சாலை மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேல் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். டெண்டர் முடிவில் குறையிருந்தால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் 10 நாள் கழிந்தபின் புலம்பிப் பயனில்லை.

பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நிதிக் குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மலைப்பகுதிகளுக்கான சிறப்பு நிதி, நகராட்சியின் பொது நிதி என்று பல தலைப்புகள் உண்டு. திட்ட நிதியில் வரும் பணிக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கும். பொது நிதியில் வருவதற்குச் சொத்து வரி வசூலாகும் வேகத்தில்தான் பில் நகரும். நமது கருத்து: சிறு ஒப்பந்ததாரர் பொது நிதிப் பணியை எடுத்தால் ஆறு மாத வட்டியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலை போட வேண்டும்.

அடுத்தது பருவம். மாவட்டம் சிறியது, மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவாகி, மாவட்டம் முழுக்க மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே கூடலூரில் டிசம்பர் முதல் மே வரை மண்வேலைக்கு ஏற்ற காலம். குன்னூர், கோத்தகிரியில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வாய்ப்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த இடைவெளியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. நடுவில் ஏப்ரல், மே சீசன். மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டியில் ரோட்டை வெட்ட விட மாட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையும் ஆக்குவார்கள். டிப்பர் ஒரு நடை போய்வரும் நேரம் கூடிவிடும். கொடைக்கானலிலும் இதே சீசன் தொல்லைதான்.

வேலை உத்தரவு செப்டம்பர் இறுதியில் குன்னூரில் கிடைத்து, காலம் நான்கு மாதம் என்றால், அதில் உருப்படியான வேலை நாள் ஒரு மாதம்கூட இருக்காது.

நான்காம் படி: இடத்தை நடந்து பார்ப்பது

விலை போடுவதற்கு முன் தடத்தை மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் நடக்க வேண்டும். மழை நாளில் நடக்க வாய்த்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே ரோட்டைத் தாண்டி வழிகிறது, எங்கே சுவரை நனைக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது.

முதலில் கடைமுனையைப் பாருங்கள். வடிகால் முடியும் இடத்தில் ஓடையோ பெரிய கால்வாயோ இருக்கிறதா, தேயிலைச் சரிவின் தலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வரைபடம் நின்றுவிடுகிறதா? இரண்டாவது வகை மிக ஆபத்தானது. ஆழமாக மக்கிய செம்மண் சரிவில் செறிந்து விழும் தண்ணீர் ஒரே பருவத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறிக்கும், பள்ளம் மேல்நோக்கி ஏறி வந்து உங்கள் கான்கிரீட்டின் அடியை அரித்து எடுக்கும். குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள், அதாவது வேலை முடிந்தபின் பழுதுக்கு நீங்கள் பொறுப்பாக இருக்கும் காலத்துக்குள் நடந்தால் திரும்பக் கட்டுவது உங்கள் தலையில்தான் விழும். கடைமுனையில் கம்பிவலைக் கல்கூடையோ, கருங்கல் பாவிய தணிப்புத் தொட்டியோ மதிப்பீட்டில் இல்லையென்றால் கேள்வி எழுப்புங்கள். ஊட்டியில் பல தெரு வடிகால்கள் சேர்வது கோடப்பமந்து கால்வாயில், அது சேர்வது ஏரியில். அங்கே கேட்க வேண்டியது வேறு: கால்வாயின் வெள்ள மட்டம் உங்கள் வடிகாலின் அடிமட்டத்தைவிட உயர்ந்தால் தண்ணீர் திரும்பி ஏறுமா?

அடுத்தது குழாய்கள். மலைநகரில் குடிநீர்க் குழாய்கள் வடிகாலுக்குள்ளேயும் படிக்கட்டு ஓரத்திலும் கொத்துக்கொத்தாக ஓடும். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்று தெரிந்தவர் நகராட்சியின் தண்ணீர் திறப்பவர் மட்டுமே. அவரையும் வார்டு மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு நடந்து, குழாய்களை எண்ணிப் படமெடுத்து வையுங்கள். குழாயை மாற்றிப் போடுவதற்கு மதிப்பீட்டில் தனி இனம் இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது. கழிவுத்தொட்டியின் வழிகால் மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டிருக்கும் வீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அந்தத் தண்ணீர் நிற்காமல் வரும், அதைத் திருப்பிவிட்டால்தான் அடித்தளம் போட முடியும்.

மூன்றாவது, வழி. உள்தெருக்களில் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஏற்றும் சிறு டிப்பர்தான் திரும்பும். அதுவும் நிற்கும் இடத்திலிருந்து படி இறங்கித் தலைச்சுமையாகப் போக வேண்டிய நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்ணளவில் 30 மீட்டர் என்று தோன்றுவது படியோடு 60 மீட்டராக இருக்கும். பழனி மலையில் சாலை இல்லாத சில ஊர்களில் குதிரை வைத்துச் சுமை ஏற்றும் வழக்கம் உண்டு. நீலகிரியின் நகர்ப்பகுதிகளில் ஆள் சுமைதான்.

நான்காவது, மண். பெரிய உருண்டைப் பாறை இருக்கிறதா என்று பக்கத்து வெட்டுச் சரிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடுகளுக்கு நடுவே வெடி வைக்க முடியாது. உளியும் சிறு உடைப்பானும், பிளக்கும் ரசாயனப் பொடியும்தான் வழி. பள்ளத்தாக்கு அடியில் கறுப்புச் சதுப்பு மண் வந்தால் நிலைமை வேறு. அதில் நேரடியாக அடித்தளம் போட்டால் வடிகால் வளைந்து இறங்கும், வாட்டம் (சரிவு) தலைகீழாகும். அடியில் கருங்கல் அடுக்கி இறுக்கும் சோலிங் வேண்டியிருக்கும். மண் அள்ளும் இயந்திரம் வைக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. அரசுப் பணியாக இருந்தாலும் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இயந்திரத்தை இறக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தண்ணீர்க் கணக்கு

வடிவமைப்பது துறையின் வேலை. ஆனாலும் ஒப்பந்ததாரர் ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சமவெளியின் மாதிரி வரைபடத்தை அப்படியே எடுத்து மலையில் ஒட்டியிருப்பதை இந்தக் கணக்குதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு நொடிக்கு வரும் கன மீட்டர் = ஓட்டக் கெழு (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) × மணிக்கு மில்லிமீட்டரில் மழைச் செறிவு × ஹெக்டேரில் பரப்பு ÷ 360. வீடும் தேயிலையும் கலந்த 4 ஹெக்டேர், கெழு 0.6, மழை மணிக்கு 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 0.53 கன மீட்டர் வரும்.

இந்தத் தண்ணீர் 60 சென்டிமீட்டர் அகலக் கான்கிரீட் வடிகாலில் 10-க்கு 1 வாட்டத்தில் இறங்கினால், ஓட்ட வேகத்தைக் கணக்கிடும் மேனிங் வாய்பாட்டில் சொரசொரப்பு எண் 0.015 போட்டு, ஆழம் 18 சென்டிமீட்டர்தான் வருகிறது. வேகமோ நொடிக்கு 4.9 மீட்டர். அதே அகல வடிகால் கீழே கடைவீதியில் 200-க்கு 1 வாட்டத்துக்கு வந்ததும் அதே தண்ணீர் 56 சென்டிமீட்டர் ஆழம் ஆகிறது. மேலே பாதி காலியாகத் தெரியும் வடிகால் கீழே வழிவதன் காரணம் இதுதான். சரிவு முறியும் இடத்தில் வடிகாலை அகலப்படுத்தாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் போட்ட வடிகால் கடைக்காரர்களிடம் வசவு வாங்கித்தான் தீரும். அதற்குள் மண்ணும் படிந்தால் கேட்கவே வேண்டாம்: வேகம் குறையும் அதே இடத்தில்தான் மேலிருந்து வந்த வண்டலும் இறங்கும்.

வேகம் இன்னொரு பிரச்சினை. நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டி, மணலும் கல்லும் கலந்து ஓடும் தண்ணீர் எம்20 தரக் கான்கிரீட்டின் அடியைச் சில பருவங்களில் ஜல்லி தெரியத் தேய்த்துவிடும். தீர்வு, படியிறக்க வடிகால். 60 மீட்டர் நீளத்தில் 6 மீட்டர் இறங்க வேண்டும் என்று வையுங்கள். அடிமட்டத்தை 50-க்கு 1 வாட்டத்தில் வைத்தால் அது 1.2 மீட்டரை விழுங்கும். மீதி 4.8 மீட்டரை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள 8 படிகளாகப் பிரித்தால் 7.5 மீட்டருக்கு ஒரு படி. வேகம் 2.7 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும், ஆழம் 33 சென்டிமீட்டர் ஆகும். படியின் அடியில் அடித்தளத்தைத் தடிப்பாக்கி, பக்கச் சுவரைச் சற்று உயர்த்த வேண்டும், தண்ணீர் அங்கே தெறிக்கும். அகலத்துக்கும் வேகத்துக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டி நூல் எஸ்.பி. 50-ம், மத்திய பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 2019 மழைநீர் வடிகால் கையேடும் பார்க்க வேண்டியவை. மலைச்சாலை ஓரம் என்றால் எஸ்.பி. 48.

கணக்கில் ஓட்டை தெரிந்தால் வடிவமைப்பை நீங்களே மாற்றிக் கட்டாதீர்கள். எழுதிக் கொடுங்கள், பொறியாளர் ஒப்புதலோடு மாற்றட்டும். ஒப்புதல் இல்லாமல் செய்த நல்ல வேலைக்கும் எம்-புக்கில், அதாவது பில்லுக்கு ஆதாரமான அளவுப் பதிவேட்டில், இடமில்லை.

ஆறாம் படி: 100 மீட்டருக்கு என்ன போகும்

உள் அகலம் 60, உள் ஆழம் 75, சுவரும் தளமும் 15, அடியில் 10 சென்டிமீட்டர் சாதாக் கான்கிரீட், மேலே 12 சென்டிமீட்டர் மூடி. இப்படி ஒரு வடிகாலுக்கு, வேலை செய்ய இடம் விட்டு ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தோண்டினால்:

- தோண்டும் மண் 150 கன மீட்டர். அதில் பக்கத்தில் திரும்ப நிரப்புவது 58 போக, மீதி 92. அள்ளினால் பொங்கி 120 கன மீட்டர் ஆகும், சிறு டிப்பருக்கு 42 நடை.
- சாதாக் கான்கிரீட் 11 கன மீட்டர், தளமும் சுவரும் 36, மூடி சுமார் 11.
- சிமென்ட் மொத்தம் ஏறக்குறைய 350 மூட்டை.
- கம்பி சுமார் 4 டன், வரைபடத்தைப் பொறுத்துக் கூடும் குறையும்.
- ஜல்லி சுமார் 18 யூனிட், எம்-சாண்ட் சுமார் 9 யூனிட்.

ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் கீழேயிருந்து மலையேறித்தான் வர வேண்டும். மதிப்பீட்டில் சுமை தூரம் எந்தக் குவாரியிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூடிய குவாரியின் தூரத்தை வைத்துப் பழைய தரவைப் புதுப்பித்திருந்தால் ஒரு யூனிட்டுக்கே கணிசமான வித்தியாசம் வரும்.

தலைச்சுமையை எண்ணிப் பாருங்கள். ஒரு கன மீட்டர் ஜல்லி ஒன்றரை டன்னுக்குக் குறையாது. சட்டிக்கு 25 கிலோ என்றால் 60 நடை. 18 யூனிட்டுக்கு 3,000 நடை, ஜல்லிக்கு மட்டும். மண்ணை மேலே ஏற்ற வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கணக்கு, ஏற்றத்தில் ஆள் பாதி வேகத்தில்தான் நடப்பார்.

கொட்டும் இடம் அடுத்த தலைவலி. 42 நடை மண்ணை ஓடையிலோ சரிவிலோ தள்ளிவிட்டால் அபராதம் மட்டுமல்ல, முதல் மழையில் அது நீங்கள் கட்டிய வடிகாலுக்கே இறங்கி வரும். கொட்டும் இடத்தை நகராட்சி எழுத்தில் காட்ட வேண்டும் என்று டெண்டருக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: விலை போடுவதும் ஏற்றுவதும்

விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரையோ வடிவத்தையோ மாற்றினால் தளம் ஏற்காது. மின் கையொப்பச் சாவியின் காலாவதித் தேதியை ஒரு வாரம் முன்பே பாருங்கள். மலையில் மழைநாளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும், கடைசி நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மிகக் குறைத்துப் போடுவதற்கும் விலை உண்டு. மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் குறைவாகப் போட்டால் ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதமும், 15 சதவீதத்துக்கும் மேல் குறைத்தால் வித்தியாசத்தில் பாதியும் கூடுதல் காப்புத் தொகையாகக் கேட்பது வழக்கம். உங்கள் ஆவணத்தில் உள்ள விகிதமே செல்லும். 40 லட்சம் மதிப்பீட்டுக்கு 32 லட்சம் போட்டால் 4 லட்சம் முடங்கும் என்று கொள்ளுங்கள். அந்த 4 லட்சம் இருந்தால் ஜல்லி முழுவதையும் ரொக்கத்தில் வாங்கியிருக்கலாம்.

உள்ளாட்சி ஒப்பந்தப் பணிக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். விலை வரியோடா வரி நீங்கலாகவா என்பதை ஆவணத்தில் இரண்டு இடத்தில் தேடிப் படியுங்கள். இரண்டும் முரண்பட்டால் கேள்வி கேளுங்கள்.

எட்டாம் படி: கட்டுவது

வேலையைக் கீழிருந்து மேலே தொடங்குங்கள். கடைமுனை முதலில், தலைப்பகுதி கடைசியில். மேலேயிருந்து தொடங்கினால் பாதி வேலையில் மழை வந்ததும் புது வடிகால் சேர்த்துக்கொடுத்த தண்ணீர் எல்லாம் திறந்த பள்ளத்தில் இறங்கி வீட்டுச் சுவரைச் சாய்க்கும். ஒரே நேரத்தில் 15 முதல் 20 மீட்டருக்கு மேல் திறந்து போடாதீர்கள். பழைய தடுப்புச்சுவரின் அடி ஓரமாகத் தோண்டும்போது அதையும் குறைத்து, 3 மீட்டர் 3 மீட்டராக ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

இரவில் பள்ளத்துக்குத் தடுப்பு கட்டாயம். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் காட்டெருமை சுற்றும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் வனத்துறை வரும்வரை வேலை நிற்கும், அப்புறமும் கேள்விகள் தொடரும். வெறும் ரிப்பன் போதாது, மரக்கட்டையோ தகடோ வையுங்கள்.

சரிவுப் பக்கச் சுவரில் நீர்க்கசிவுத் துளைகளை மறந்துவிடாதீர்கள். 75 மில்லிமீட்டர் குழாய், ஒன்றரை மீட்டர் இடைவெளி, பின்னால் ஜல்லி வடிகட்டி. இது இல்லாத வடிகால்களில் மழைக்குப் பின் சுவர் உள்பக்கம் தள்ளி நீளவாக்கில் விரிசல் விடுவதைப் பார்க்கலாம். அது கான்கிரீட்டின் குற்றமல்ல, பின்னால் தேங்கிய நீரின் அழுத்தம்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவில் கான்கிரீட் சரியாக இறுகாது. காலை 10 மணிக்குப் பின் தொடங்கி, பிற்பகல் 2 மணிக்குள் முடித்து, சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடுங்கள். சென்ட்ரிங் பலகையை சமவெளிக் கணக்கில் மறுநாளே கழற்றினால் விளிம்பு உதிரும், இரண்டு மூன்று நாள் விடுங்கள். குளிர்தானே என்று நீராற்றுவதை விட்டுவிடுகிறார்கள். பனிக்காலக் காற்று வறண்டது. பி.பி.சி. (போசோலானா கலந்த) சிமென்டுக்கு 10 நாள் ஈரம் வேண்டும்.

வண்டல் குழி இல்லாத மலை வடிகால் முழுமையாகாது. கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் கேரட், உருளை போட உழுத மண் மழையில் அப்படியே இறங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அடிமட்டத்தைவிட 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழமாக ஒரு குழியும், சிறுபாலத்துக்கு முன் குப்பை தடுக்கும் சாய்வுக் கம்பியும் தேவை. கம்பியைச் செங்குத்தாக வைத்தால் தைல மரச் சருகு ஒரே மணி நேரத்தில் அடைத்துவிடும்.

மூடிப் பலகையின் நீளம் சிறு விஷயம் போலத் தோன்றும். 90 சென்டிமீட்டருக்கு 60 அளவில் 12 தடிப்பு மூடி 160 கிலோ இருக்கும், தூர்வாருபவர் அதைத் திறக்கவே மாட்டார். 45 சென்டிமீட்டர் நீளமாக்கி, தூக்க இரண்டு கொக்கித் துளையும் விட்டால் 120 கிலோ, நான்கு பேர் கம்பி வைத்துத் தூக்கலாம்.

ஒன்பதாம் படி: அளவும் பணமும்

மறையும் வேலைகளை மறைவதற்கு முன் அளக்க வேண்டும்: தோண்டிய ஆழம், பாறை, சோலிங், அடிக் கான்கிரீட், கட்டிய கம்பி. பொறியாளர் வர முடியாத நாளில் கான்கிரீட் போட்டுவிட்டு அப்புறம் எம்-புக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று வாய்மொழியில் நம்பாதீர்கள். இருப்பிடம் பதியும் படமும் அளவுகோலும் சேர்ந்து தெரியும்படி எடுத்து வையுங்கள். பாறையை மண்ணோடு கலந்து அளந்தால் முழுவதும் மண் விலைக்குப் போகும், அதைத் தனியாக அடுக்கிக் காட்டுங்கள். கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் கன சதுரச் சோதனைக்கு 7 நாள், 28 நாள் முடிவுகள் வேண்டும். சோதனைக்கூடம் கீழே கோவைப் பக்கம் என்றால் போய்வரும் நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

10 லட்ச ரூபாய் பகுதி பில்லில் தனிநபர் ஒப்பந்ததாரருக்கு வருமான வரி 1 சதவீதம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், நிறுத்திவைப்பு வழக்கமாக 5 சதவீதம் போகும். 90,000 ரூபாய் கையில் வராது. கூட்டு நிறுவனம் என்றால் வருமான வரிப் பிடித்தம் 2 சதவீதம். லாபமே 10 சதவீதம் வைத்துப் போட்ட வேலையில் இது பண ஓட்டத்தை எப்படி நெரிக்கும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால், அந்தக் கூடுதல் வேலைக்குத் துறையோடு துணை ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அதற்குப் பணம் கிடையாது.

பெரிய ஒப்பந்தம் எடுக்க முடியாதவர்களுக்கு

சிறு மண்வாரி வாடகை, மூடிப் பலகை வார்த்துக் கொடுப்பது, கம்பிவலைக் கல்கூடை பின்னிக் கல் அடுக்குவது ஆகிய மூன்றுக்கும் மலையில் ஆள் பற்றாக்குறை. மூன்று டன் வகை மண்வாரி போகும் சந்தில் பெரியது போகாது. முன்வார்ப்பு வடிகால் துண்டுகளை விற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன அளவில் ஒரு மீட்டர்த் துண்டு 900 கிலோ வரும். ரோட்டோரத்தில் கிரேன் நிற்க இடமிருந்தால் நல்ல வியாபாரம், படிக்கட்டுத் தெருவுக்கு உதவாது.

பருவத்துக்கு முந்தைய தூர்வாரும் பணி ஆண்டுதோறும் வரும், முதலீடு குறைவு, அனுபவச் சான்றும் கிடைக்கும். கழிவுநீர் கலந்த மூடிய வடிகாலில் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்குக்கு உரியது. கம்பிக் கொக்கி, உறிஞ்சு வண்டி, கையுறை, காலணி ஆகியவற்றின் செலவைச் சேர்த்தே விலை போடுங்கள். அளவைப் பொறுத்தவரை, அள்ளிய வண்டலை டிப்பர் நடையில் எண்ணிக் காட்டினால் ஈரம், வெற்றிடம் என்று கழித்துவிடுவார்கள். தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் அடிமட்ட அளவு எடுத்து, வார்டு மேற்பார்வையாளரிடம் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள்.